‘கியூசி பாஸ்’ ஸ்டிக்கருக்குப் பின்னால் இருந்த கண்கள்

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசியுங்கள்.

புதுப் போன், சார்ஜர், ரைஸ் குக்கர் என்று எதை வாங்கினாலும் ஒரு மூலையில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ‘கியூசி பாஸ்’ என்று போட்டிருக்கும். தரம் பார்த்தாயிற்று, பழுது இல்லை என்பது அதன் கருத்து. சரி, பார்த்தது யார்?

ஐம்பது வருடத்துக்கு முன் இந்தக் கேள்விக்கு விடை, பெரும்பாலும் இருபது வயதுப் பெண் ஒருத்தி. இன்று விடை, ஒரு கமரா. அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்து கமராவுக்கு வேலை எப்படிக் கைமாறியது? அந்த வரலாற்றில் இலங்கை எந்த இடத்தில் தவறவிட்டது? எங்கள் பிள்ளைகளுக்கு அதில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது? இதைத்தான் எழுதப் போகிறேன்.

உள்ளே கை விட்டுப் பார்ப்பது

தரம் பார்ப்பது தொழிற்சாலையோடு பிறந்த பழக்கம் இல்லை. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு சம்பவம் எங்களில் பலருக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். கையை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். விரலில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை ஆட்களுக்குத் தெரியும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்று வியாபாரத்தைக் கடுமையாகக் கண்டிக்கிறார்கள்.

நேர்மையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்வோம். எனக்கு இதில் இன்னொரு பாடமும் தெரிகிறது. கண் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். உள்ளே இருப்பதை அறிய வேறு வழி தேட வேண்டும். பின்னால் எக்ஸ்ரே வரும் இடத்தில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் இப்னு அல்-ஹைதம். சுமார் 965இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியைப் பற்றி ஏழு பாகங்களில் ‘கிதாபுல் மனாஸிர்’ எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று பலர் நம்பிய காலம் அது. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதால்தான் பார்க்கிறோம் என்று அவர் பரிசோதனைகளோடு காட்டினார். அதோடு நிற்கவில்லை. ஒரு பொருளை இன்னது என்று அடையாளம் காண்பது கண்ணின் வேலை மட்டும் இல்லை, நினைவில் உள்ள உருவத்தோடு அறிவு ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் அது நடக்கிறது என்றார். பார்வை எங்கே எல்லாம் பிழைக்கும் என்பதற்கே ஒரு பாகம் ஒதுக்கினார்.

கன்னாதிட்டியில் நகைத் தொழிலாளி உரைகல்லில் பொன்னைத் தேய்த்துப் பார்ப்பதும் இதே காரியம்தான். தரம் தெரிந்த பொன்னின் கோடு ஒன்று, புதுப் பொன்னின் கோடு ஒன்று, இரண்டையும் ஒப்பிடும் கண் ஒன்று. இன்றைய இலத்திரனியல் ஆலைகளில் கமரா செய்வதும் அடிப்படையில் இதுவே.

நுணுக்குக்காட்டிக்கு முன்னால் பெண்கள்

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. அதை வைத்துச் சின்ன ரேடியோ, கணிப்பொறி, கைக்கடிகாரம் என்று பொருட்கள் சந்தைக்கு வந்தன. அந்தச் சின்னச் சில்லுக்குள் மின்சாரம் போய்வர, தங்கக் கம்பியால் அதை வெளிக் கால்களோடு தொடுக்க வேண்டும். கம்பியின் தடிப்பு சுமார் 0.025 மில்லிமீற்றர். எங்கள் தலைமுடியை விட மெல்லியது. வெறும் கண்ணால் முடியாது. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து, ஒவ்வொரு கம்பியாகத் தொடுத்து, தொடுத்தது சரியா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க.

இந்த வேலைக்குக் குறைந்த சம்பளத்தில் ஆட்களைத் தேடி அமெரிக்கக் கொம்பனிகள் ஆசியாவுக்கு வந்தன. 1972இல் மலேசியாவின் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் ஆலையை அங்கேதான் போட்டது. ஹியூலெட் பக்கார்ட், ஏ.எம்.டி., ஹிட்டாச்சி, பொஷ் என்று முதலில் வந்த எட்டுக் கொம்பனிகளை அங்கே இன்றும் ‘எட்டு சாமுராய்கள்’ என்று சொல்வார்கள்.

பினாங்கு எங்களுக்கு அந்நியமான ஊர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ‘மலாயன் பென்சனியர்’ என்ற சொல்லைக் கேட்காத பழைய ஆட்கள் இல்லை. தமிழ் முஸ்லிம்களின் பெயரோடு பிணைந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அங்கேதான் நிற்கிறது. எங்கள் முன்னோர் ரயில்வே கிளாக்காகவும் வியாபாரியாகவும் போன தீவு, உலகத்தின் சில்லுகளைத் தொடுக்கும் தீவாக மாறியது.

கண் களைக்கும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்கு ஒரு சிக்கல் இருந்தது. ராடர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீரர்கள் திரையில் வந்த புள்ளியைக் காணாமல் விட்டார்கள். நோர்மன் மக்வேர்த் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். கடிகாரம் போன்ற முகப்பில் ஒரு முள் படிப்படியாக நகரும். எப்போதாவது ஒரு தடவை இரட்டிப்பாகத் துள்ளும். அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்திலேயே ஆட்கள் தவறவிடத் தொடங்கினார்கள். இந்த முடிவை 1948இல் வெளியிட்டார். சோம்பலோ கவலையீனமோ இதற்குக் காரணம் இல்லை. அரிதாக வரும் ஒன்றுக்காக நெடுநேரம் காத்திருக்க மனிதக் கவனத்தால் முடியாது.

ஆலையில் பழுது பார்ப்பதும் இதே வகை வேலைதான். நூறு சரியான பொருள் போன பிறகு ஒரு பிழையான பொருள் வரும். அதற்குள் கண் பழகிவிடும். பார்வை குறைவது, தலையிடி, கண்ணெரிவு பற்றி அந்தக் காலத்து ஆலைப் பதிவுகள் நிறையப் பேசுகின்றன.

பினாங்கில் பிறந்த மானிடவியலாளர் ஐவா ஓங், மலேசிய ஆலைப் பெண்களைப் பற்றி 1980களில் எழுதினார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. 1978இல் சிலாங்கூர் மாநிலத்தின் சுங்கை வே வலயத்தில் ஓர் அமெரிக்க ஆலை. நுணுக்குக்காட்டிப் பிரிவில் வேலை செய்த சுமார் 120 பெண்கள் திடீரென்று அலறி, மயங்கி, ஆவேசம் கொண்டார்கள். இப்படிப்பட்ட சம்பவங்களில், நுணுக்குக்காட்டிக்குள் பயங்கர முகங்கள் தெரிந்தன என்று பெண்கள் சொன்னார்கள். ஆலையை மூன்று நாள் மூடினார்கள். மந்திரவாதியைக் கூட்டிவந்து ஆடு அறுத்தார்கள். 8,000 மணி நேர உற்பத்தி போனதைத் தலைமையகத்துக்கு எப்படி விளக்குவது என்று அமெரிக்க மேலாளர் திண்டாடினார்.

ஜின்னா, பேயா, மனப்பிராந்தியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கம்பத்திலிருந்து முதல்முறை வெளியே வந்த இளம் பெண்களை, மணிக்கணக்கில் ஒரு குழாய்க்குள் கண்ணை வைத்திரு என்று கட்டிப்போட்டால் அந்த மனம் எப்படியோ ஒரு வழியில் கத்தும். ஐவா ஓங்கும் இதை உழைப்பின் அழுத்தத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறார். ஒரு பொருளின் பழுதைப் பார்க்கச் சொன்னவர்கள், பார்க்கிறவளின் நிலையைப் பார்க்கவில்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போதாது

இந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்க முதலில் முயன்றவர்களில் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வுகூடத்தார் முக்கியமானவர்கள். 1964இல் ட்ரான்சிஸ்டர் சில்லை இயந்திரக் கண்ணால் இனங்கண்டு கம்பி தொடுக்க முயன்றார்கள். சுமார் 95 வீதம் சரியாக இனங்கண்டது. ஆனாலும் திட்டம் நின்றுபோனது.

பரீட்சையில் 95 புள்ளி எடுத்தால் நாங்கள் கைதட்டுவோம். ஆலையில் 95 வீதம் என்றால் நூறில் ஐந்து பிழை. நாளுக்குப் பத்தாயிரம் செய்தால் ஐந்நூறு. அந்த ஐந்நூறைத் தேடிப் பிடிக்க மறுபடியும் பெண்களை உட்கார வைக்க வேண்டும். அப்படியானால் இயந்திரம் எதற்கு?

அதே ஆய்வுகூடத்தார் விடவில்லை. 1973இல் இயந்திரக் கண்ணால் வழிநடத்தப்படும் தானியங்கி ட்ரான்சிஸ்டர் பொருத்தும் முறையை ஓடவிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த மசகாசு எஜிரியும் கூட்டாளிகளும், சேர்க்கிட் போர்டில் உள்ள பழுதைக் கண்டுபிடிக்க ஒரு வழியையும் அதே காலத்தில் வெளியிட்டார்கள். அது எவ்வளவு எளிது என்றால், கட்டக் கொப்பியிலேயே செய்து பார்க்கலாம்.

ஒரு கோடு வரையுங்கள். நடுவில் மயிரளவு வெடிப்பு விடுங்கள். இப்போது கோட்டை எல்லாப் பக்கமும் ஒரு கட்டம் தடிப்பாக்குங்கள். வெடிப்பு மூடிவிடும். பிறகு எல்லா ஓரத்திலும் ஒரு கட்டம் அழித்து மெல்லியதாக்குங்கள். கோடு பழைய தடிப்புக்கு வரும், ஆனால் மூடிய வெடிப்பு திரும்பத் திறக்காது. முதலில் வரைந்த படத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டால் எந்த இடத்தில் வித்தியாசமோ அந்த இடத்தில் பழுது. முதலில் மெலிதாக்கிப் பிறகு தடிப்பாக்கினால், கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தேவையற்ற முள்ளுகள் பிடிபடும். கணிப்பொறி எங்கள் மணிக்கூட்டை விட மெதுவாக ஓடிய காலத்தில், இந்தச் சின்னத் தந்திரம்தான் இயந்திரத்துக்குக் கண் கொடுத்தது.

இதற்கிடையில் 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும், ஒளியை மின்சாரமாக்கிப் படமாகப் பிடிக்கும் சி.சி.டி. சில்லைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. டிஜிட்டல் கமராவின் வேர் அது. 1981இல் எம்.ஐ.டி.யில் விரிவுரையாளராக இருந்த ரொபேட் ஷில்மன் கொக்னெக்ஸ் என்ற கொம்பனியைத் தொடங்கினார். அதன் முதல் வாடிக்கையாளர் ஒரு தட்டச்சுப்பொறிக் கொம்பனி. ஒவ்வொரு எழுத்துச் சாவியும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசைப்பலகையை வகுத்த ஆர். முத்தையா எங்கள் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா போனவர். எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு மனிதர் வேண்டும். அது அந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இயந்திரம். இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள், கடைசியில் இதற்கே வருவேன்.

வந்திருக்க வேண்டிய ஆலைகள்

ஜப்பானில் இயந்திரக் கண் திறந்து ஐந்து வருடம் கழித்து, 1978இல், இலங்கை தன் கதவைத் திறந்தது. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. தையல் ஆலைகள் முதலில் வந்தன. 1980களின் தொடக்கத்தில் மோட்டோரோலா, ஹாரிஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கொம்பனிகள் இங்கே குறைகடத்தி ஆலை போட ஆயத்தமாகின. பினாங்குக்கு 1972இல் வந்தது எங்கள் தீவுக்குப் பத்து வருடம் பிந்தி வர இருந்தது.

பிறகு 1983 ஜூலை.

அந்த மாதத்தில் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழரின் உயிரும் வீடும் கடையும் எரிந்ததை நான் இங்கே விபரிக்கத் தேவையில்லை. அனுபவித்தவர்கள் இந்தப் பதிவை வாசிக்கிறார்கள். அந்தக் கொடுமையோடு ஒப்பிட்டால் ஆலை வராதது சின்ன விஷயம். ஆனாலும் வரலாற்றில் அதையும் பதிய வேண்டும். அந்த இரண்டு கொம்பனிகளும் இங்கே உற்பத்தி தொடங்கவில்லை. நாட்டின் பொருளாதார அறிஞர்கள் இன்றும் கைநழுவிய வாய்ப்புக்கு இதைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

வந்திருந்தால் எல்லாம் பொன்னாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. 1985இல் உலகச் சில்லுச் சந்தையே சரிந்தது. வந்திருந்தால் எங்கள் பெண்களும் நுணுக்குக்காட்டியில் கண்ணை விட்டிருப்பார்கள். ஆனால் நாங்கள் இழந்தது சம்பளத்தை மட்டும் இல்லை. அந்த வாங்கில் உட்கார்ந்தால்தான் பழுது எப்படி வருகிறது, ஏன் வருகிறது, எப்படிப் பிடிப்பது என்று ஒரு தலைமுறை கற்றுக்கொள்ளும். அந்தப் படிப்பை இழந்தோம்.

ஆட்களைத் துரத்தும் ஊரிலிருந்து தொழிலும் போய்விடும். 83இல் தெற்கு இழந்ததைப் பேசும்போது 1990 ஒக்டோபரையும் பேசத்தான் வேண்டும். வடக்கின் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது சோனகதெருவின் தையற்காரரும் இரும்புக் கடைக்காரரும் நகைத் தொழிலாளரும் தங்கள் கைத்திறனையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் வந்தார்கள். இடையில் அறுந்துபோன பயிற்சி அப்படியே திரும்பவில்லை. இதைப் பழி சொல்வதற்காக எழுதவில்லை. கணக்கில் எல்லா வரவு செலவையும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மீசான் கட்டையும் மூன்று நிற வெளிச்சமும்

இனி இன்றைய ஆலைக்குள் போவோம். ஒரு போனின் போர்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் இருக்கலாம். சில 0.4 மில்லிமீற்றர் நீளம், 0.2 மில்லிமீற்றர் அகலம். ஒரு சீனி மணியை விடச் சிறிது. முதலில் போர்டில் ஈயப் பசையை அச்சடிப்பார்கள். அதன் மேல் இயந்திரம் உறுப்புகளைப் பறவை கொத்துவது போல வேகமாக வைக்கும். பிறகு போர்ட் சூளைக்குள் போகும். ஈயம் உருகி, ஆறி, உறுப்புகளைப் பிடித்துக்கொள்ளும். இவற்றுக்கு இடையிலும் கடைசியிலும் கமராக்கள் நிற்கும். ஆலைக்காரர் இதை ‘ஏ.ஓ.ஐ.’ என்பார்கள். தானியங்கி ஒளியியல் பரிசோதனை.

அவை தேடும் பழுதுகளில் ஒன்று, உறுப்பு படுத்திருக்காமல் ஒரு காலில் எழும்பி நிற்பது. ஒரு பக்க ஈயம் மற்றப் பக்கத்தை விட முன்னதாக உருகினால், அதன் பரப்பிழுவிசை உறுப்பை இழுத்து நிமிர்த்திவிடும். வெள்ளைக்காரர் இதற்குக் கல்லறைக் கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பார்த்தால் மீசான் கட்டை என்பார்கள். பரப்பிழுவிசை என்றால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஈயம் சரியாகப் படிந்ததா என்று பார்க்க ஓர் அழகான வழி உண்டு. ஜப்பானின் ஒம்ரோன் கொம்பனி இதைப் பரப்பியது. சிவப்பு வெளிச்சத்தை உயரத்திலிருந்தும், பச்சையை நடுவிலிருந்தும், நீலத்தைத் தாழ்விலிருந்தும் போடுவார்கள். ஈயம் கண்ணாடி போலப் பளபளக்கும். மட்டமான இடம் மேலிருந்து வரும் சிவப்பைக் கமராவுக்குத் திருப்பும். செங்குத்தான சரிவு நீலத்தைத் திருப்பும். ஆகவே நிறத்தைப் பார்த்தே சரிவைச் சொல்லிவிடலாம். தெறிப்பு விதி என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவது, அங்கே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை பரீட்சை எழுதுகிறது.

ஆனால் சில சில்லுகளின் ஈய மணிகள் சில்லின் வயிற்றுக்கு அடியில் இருக்கும். மேலிருந்து எந்தக் கமராவுக்கும் தெரியாது. தானியக் குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கையை உள்ளே விட வேண்டும். இங்கே எக்ஸ்ரே போகிறது.

சரி, இவ்வளவும் இருந்தால் பிழையே வராதா? ஒரு கணக்கு. ஒரு போர்டில் 1,000 உறுப்புகள். இயந்திரம் 99.9 வீதம் சரியாகத் தீர்ப்புச் சொல்கிறது. அப்படியென்றாலும் சராசரியாக ஒவ்வொரு போர்டிலும் ஒரு பிழைத் தீர்ப்பு. நல்லதைப் பழுது என்று சொன்னால் வீண் செலவு. பழுதை நல்லது என்று சொன்னால் ஆபத்து. அதனால்தான் வரிசையின் முடிவில் திரைக்கு முன்னால் ஒருவர் இன்னும் உட்கார்ந்திருப்பார். இயந்திரம் சந்தேகப்பட்டதை அவர் பார்த்து உண்மையா பொய்யா என்று சொல்வார். ஆயிரம் கண்கள் போய்விட்டன. ஒரு கண் இன்னும் வேண்டியிருக்கிறது.

தவறினால் என்ன ஆகும்

2016 ஓகஸ்டில் சம்சுங் நோட் 7 போன் வந்தது. சில நாட்களில் சில போன்கள் தீப்பிடித்தன. செப்டெம்பரில் 25 லட்சம் போன்களைத் திருப்பி அழைத்தார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன. ஒக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். விமானம் ஏறுகிறவர்களுக்கு அந்தப் போனைக் கொண்டுவராதீர்கள் என்று அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

2017 ஜனவரியில் விசாரணை முடிவு வந்தது. இரண்டு இடங்களில் செய்த பற்றரிகளில் இரண்டு வெவ்வேறு பழுதுகள். ஒன்றில் மூலையில் உள்ளே இருந்த தகடு நெளிந்திருந்தது. மற்றதில் ஒட்டுவைத்த இடத்தில் கூரான பிசிறு. இரண்டும் வெளியே இருந்து பார்க்கத் தெரியாதவை. அதைக் கண்டுபிடிக்க இரண்டு லட்சம் போன்களைச் சோதித்தார்கள். பிறகு எட்டுப் படிப் பற்றரிச் சோதனை கொண்டுவந்தார்கள். அதில் எக்ஸ்ரேயும் ஒரு படி. உலகத்தின் மிகப் பெரிய இலத்திரனியல் கொம்பனிகளில் ஒன்றுக்கு, நெளிந்த ஒரு மூலை போதுமாக இருந்தது.

பழுது எது என்று யார் சொல்வது

2012க்குப் பிறகு ஆழ்கற்றல் முறை வந்தது. முந்தி ஒவ்வொரு பழுதுக்கும் விதி எழுத வேண்டும். இப்போது படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். 2019இல் ஜேர்மனியின் எம்.வி.டெக் கொம்பனி 5,354 படங்கள் கொண்ட ஒரு தொகுதியை ஆய்வாளருக்கு வெளியிட்டது. ட்ரான்சிஸ்டர், கேபிள், திருகாணி என்று 15 வகைப் பொருட்கள். பழக்குவதற்குப் பழுதில்லாத படங்கள் மட்டும். நல்லதை நன்றாக அறிந்தால் கெட்டது தானாகத் துருத்திக்கொண்டு தெரியும் என்பது எண்ணம். நினைவில் உள்ள உருவத்தோடு ஒப்பிடுவது என்று இப்னு அல்-ஹைதம் சொன்னதற்கு ஆயிரம் வருடம் கழித்து வந்த செயல்முறை.

2017இல் அன்ட்ரூ இங் என்ற கணிப்பொறி அறிஞர், பொக்ஸ்கொன் கொம்பனியோடு சேர்ந்து ஆலைகளுக்கு இந்த முறையைக் கொண்டுபோகத் தொடங்கினார். அவர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. ஒரே கீறலை ஒரு பரிசோதகர் பழுது என்பார், இன்னொருவர் சரி என்பார். ஆட்களே உடன்படாவிட்டால் இயந்திரம் எதைக் கற்கும்? முதலில் ஆட்கள் உட்கார்ந்து, எது பழுது என்று அளவோடு முடிவு செய்ய வேண்டும்.

முழு வரலாற்றின் சாரம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. பார்க்கும் வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது. பழுது எது என்று தீர்மானிக்கும் வேலை மனிதரிடம் இருக்கிறது. எவரிடம் அந்தத் தீர்மானம் இருக்கிறதோ அவரிடம்தான் தொழில் இருக்கிறது.

பினாங்கைப் பாருங்கள். நுணுக்குக்காட்டியில் கண்ணை விட்ட ஊர். 2000இல் அதே ஊரில் வைட்ரொக்ஸ் என்ற கொம்பனி தொடங்கியது. அது செய்வது தானியங்கிப் பரிசோதனைக் கமராக்களும் எக்ஸ்ரே இயந்திரங்களும்தான். முப்பது வருடம் பிறர் பொருளைப் பார்த்துப் பார்த்துக் கற்ற ஊர், பார்க்கும் இயந்திரத்தையே விற்கிறது. எங்களுக்கு எட்டாமல் போன படி அது.

எங்கள் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். 2006இல் நோக்கியா ஆலை அங்கே உற்பத்தி தொடங்கியது. 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பிறகு அதே பகுதியில் பொக்ஸ்கொன் ஆலையில் ஐபோன் பொருத்தத் தொடங்கினார்கள். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் கிராமத்துத் தமிழ்ப் பெண்கள். 2021 டிசம்பரில் அவர்களின் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. பிறகுதான் விடுதியும் சமையலறையும் சோதிக்கப்பட்டன. போனின் மீது மயிரளவு கீறலைப் பிடிக்கத் தெரிந்த ஓர் ஏற்பாடு, அதைச் செய்கிற பிள்ளையின் சோற்றுத் தட்டைப் பார்க்காமல் விட்டிருந்தது. 1978இன் சுங்கை வேயும் 2021இன் ஸ்ரீபெரும்புதூரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. பார்வை யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

நாங்கள் என்ன செய்யலாம்

இலங்கையில் இந்தத் தொழில் முழுக்க இல்லாமல் போகவில்லை. படல்கமவில் சுவிஸ் கொம்பனியான வேரியோசிஸ்டம்ஸ் சேர்க்கிட் போர்ட் பொருத்துகிறது. லங்கா ஹார்னஸ் கார்களின் பாதுகாப்புப் பட்டி, காற்றுப்பைக்கான உணரிகளைச் செய்கிறது. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013இல் வந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கதவு முழுதாக மூடவில்லை.

ஆசிரியர்களுக்கு: அந்தக் கட்டக் கொப்பிப் பரிசோதனையை வகுப்பில் செய்யுங்கள். செலவு ஒரு பென்சில். தெறிப்பு, பரப்பிழுவிசை, நிகழ்தகவு மூன்றையும் ஒரு போன் போர்டை வைத்துப் படிப்பிக்கலாம்.

பெற்றோருக்கு: கஸ்தூரியார் வீதியிலும் ஒழுங்கைக் கடைகளிலும் போன் திருத்தும் பிள்ளைகளைப் படிக்காத பிள்ளைகள் என்று பேசாதீர்கள். இயந்திரம் ‘பாஸ்’ சொல்லி அனுப்பிய போர்டை வெயிலும் உப்புக்காற்றும் கெடுத்த பிறகு பார்க்கிறவர்கள் அவர்கள். எந்த மொடலில் எந்த இடம் விடும் என்று அவர்களுக்குத் தெரிந்தது ஆலையின் கமராவுக்கும் தெரியாது. அந்த அறிவை எழுதி வையுங்கள் என்றுதான் நான் அவர்களிடம் கேட்பேன். மொடல், பழுது, காரணம், படம். ஒரு கொப்பி போதும். பழுதுக்குப் பெயர் வைத்து அளவோடு பதிகிறவர்தான் நாளைக்கு இயந்திரத்துக்குப் படிப்பிக்கிறவர்.

மகள்மாருக்கு: இந்த வரலாற்றில் கண் கொடுத்தவர்கள் நீங்கள்தான். அடுத்த கட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் கதிரையும் உங்களுக்கு உரியது. அதற்குக் கணிதமும் பௌதிகமும் வேண்டும். சாதாரண தரத்தோடு அவற்றை விட்டுவிடாதீர்கள்.

பினாங்கிலோ கட்டுநாயக்கவிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இந்த வாங்கில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தால், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நாள் முழுக்க எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எந்தப் பழுது அதிகம் வந்தது, கண் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.